கருவேப்பிலைக்கு எத்தனை கெல்வின்?

அக்டோபர் வந்தா போதும். டொரண்டோவுல நம்மாளுங்க வாட்ஸ்அப் குழு எதைத் திறந்தாலும் கருவேப்பிலைதான் பேச்சு. தொட்டியை எப்ப உள்ள எடுக்கணும், எங்க வைக்கணும், எந்த லைட்டு போடணும்.

இந்த வருஷமும் ஆரம்பிச்சாச்சு.

"6500 கெல்வின் வாங்குங்க, மத்த எதுவும் செடிக்கு ஆகாது"ன்னு ஒருத்தர். "6500 இலைக்கு மட்டும்தான், பூக்கணும்னா 2700"ன்னு இன்னொருத்தர். மூணாவதா ஒருத்தர் ஊதா நிறத்துல எரியற டியூப் படத்தைப் போட்டு, இதைப் போட்டாத்தான் செடி பிழைக்கும்னு அடிச்சுச் சொல்றார். சாதா டியூப்பை விட அது பல மடங்கு விலை.

படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல். "லைட்டு செடிக்கு எவ்வளவு பக்கத்துல இருக்கு?"ன்னு யாரும் ஒரு தடவை கூடக் கேக்கல.

பாவம், புதுசா வந்த பசங்க. வாடகை பேஸ்மெண்ட்ல இருந்துக்கிட்டு ஆசை ஆசையா ஒரு கன்னு வாங்கி வச்சிருப்பாங்க. அந்த நம்பரை நம்பிக் காசைக் கொட்டி, டியூப்பைக் கூரையோட கூரையா மாட்டிட்டு, பிப்ரவரியில மொட்டைக் குச்சி படத்தைப் போட்டு "ஏன் இப்படி ஆச்சு?"ன்னு கேப்பாங்க. வருஷா வருஷம் இதே கதை.

அதனாலதான் இந்தப் பதிவு. நீளமாத்தான் இருக்கும். காபி போட்டு எடுத்துட்டு வாங்க.

ஊர்ல கருவேப்பிலைக்கு லைட்டு போடறேன்னு சொன்னா சிரிப்பாங்க. கொல்லையில, பாத்திரம் கழுவுற தண்ணி ஓடுற இடத்துல, தானா முளைச்சு நிக்கற மரம் அது. இங்க கதை வேற. டிசம்பர் 21 அன்னிக்கு டொரண்டோவுல பகல் 9 மணி நேரம் கூடக் கிடையாது. அதே நாள் சென்னையில 11 மணி நேரத்துக்கு மேல. அந்த 9 மணி நேரத்துலயும் சூரியன் தாழ்வாவே ஓடும், பாதி நாள் மேகம் மூடியிருக்கும், மிச்சத்துல ஒரு பங்கை ஜன்னல் கண்ணாடி எடுத்துக்கும். ராத்திரி 10 டிகிரிக்குக் கீழ போறதுக்கு முன்னாடி தொட்டியை உள்ள கொண்டு வந்துடணும். உள்ள வந்தப்புறம் வெளிச்சம் நாமதான் கொடுக்கணும்.

(இந்த மரத்தோட தாவரவியல் பேர்ல 'கோனிகி'ன்னு ஒரு சொல் வரும். ஜோஹான் கெர்ஹார்ட் கோனிக்ங்கறவரோட பேர் அது. 1728ல பொறந்து 1785ல இறந்தவர். லின்னேயஸ்கிட்ட படிச்சுட்டு, டேனிஷ்காரங்க கையில இருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவரா வந்து, நம்ம கடற்கரையோரமா செடி செடியாத் தேடித் திரிஞ்ச மனுஷன். தாளிக்கற ஒவ்வொரு தடவையும் ஒரு தரங்கம்பாடி டாக்டரோட பேர் சட்டியில விழுதுன்னு நினைச்சா எனக்கு இன்னும் சந்தோஷமா இருக்கும்.)

சரி, கெல்வினுக்கு வருவோம்.

இரும்பைச் சூடாக்கிக்கிட்டே போனா முதல்ல மங்கலாச் சிவக்கும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள், அப்புறம் வெள்ளை. இன்னும் சூடாக்க முடிஞ்சா நீலம் கலந்த வெள்ளை. எந்தச் சூட்டுல எந்த நிறம்னு கணக்கு போட்டு வச்சிருக்காங்க. அந்தச் சூட்டை அளக்கற அளவுதான் கெல்வின். 1848ல அந்த அளவுகோலை முன்வச்ச வில்லியம் தாம்சனுக்குப் பின்னாடி கெல்வின் பிரபுன்னு பட்டம் வந்துச்சு, அந்தப் பேரே நிலைச்சுடுச்சு.

2700, 3000ன்னா மஞ்சள் கலந்த வெளிச்சம். 4000, 4100 நடுவாந்தரம். 6500ன்னா நீலம் தட்டுற வெள்ளை. நம்பர் ஏற ஏற வெளிச்சம் 'குளிர்ச்சி'ன்னு பெட்டியில போட்டிருப்பான், அதுலதான் பாதிப் பேர் குழம்புறாங்க. 'கூல் ஒயிட்'னு எழுதியிருக்கறது 4100தான், ரொம்ப நீலம் கிடையாது. 'டேலைட்'னு எழுதியிருந்தா அது 5000மா இருக்கலாம், 6500மா இருக்கலாம். பேரை விட்டுடுங்க. நம்பரை மட்டும் பாருங்க.

இன்னொண்ணு. 6500 கெல்வின் டியூப் அந்தச் சூட்டுல எரியல. எரியவும் முடியாது, குண்டு பல்புக்குள்ள இருக்கற டங்ஸ்டன் கம்பியே 3700 கெல்வினைத் தொடறதுக்குள்ள உருகிடும். அந்தச் சூட்டுல ஒரு பொருள் இருந்தா அது என்ன நிறத்துல தெரியுமோ, அந்த நிறத்துல இந்த டியூப் *நம்ம கண்ணுக்கு* தெரியுது. அவ்வளவுதான் அந்த நம்பருக்கு அர்த்தம்.

நம்ம கண்ணுக்கு. இதை மனசுல வச்சுக்கோங்க, மொத்தப் பதிவும் இது மேலதான் நிக்குது.

உங்க வீட்டு டியூப் என்ன ரகம்னு தெரியலையா? ஸ்விட்சை அணைச்சுட்டு டியூப்போட ஓரத்தைப் பாருங்க. உலோக மூடிக்குப் பக்கத்துல கண்ணாடி மேல பொடி எழுத்துல அச்சடிச்சிருக்கும். எஃப்32 டி8ன்னு ஆரம்பிச்சு, கடைசியில 830, 841, 850, 865ன்னு மூணு இலக்கம் வரும். 32ங்கறது வாட். டி8ங்கறது குறுக்களவு, அங்குலத்துல எட்டுல எட்டு பங்கு, அதாவது ஒரு அங்குலம். (பழைய தடிச்ச டியூப் டி12, ஒன்றரை அங்குலம்.) மூணு இலக்கத்துல முதல் 8, நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டுதுங்கறதுக்கான மார்க், நூத்துக்கு எண்பது சொச்சம். மிச்ச ரெண்டு இலக்கம்தான் கெல்வின். 65ன்னா 6500, 30ன்னா 3000.

ஊர்ல நம்ம வீட்டுல எரிஞ்சதெல்லாம் பெரும்பாலும் 765 ரகம். 6500தான், ஆனா நிறம் காட்டுறதுல ஒரு படி கம்மி. அந்த வெள்ளையிலேயே வளந்ததால நமக்கு வெளிச்சம்னாலே அந்த நிறம்தான். இங்க உள்ளவங்க வரவேற்பறையில 2700தான் போடுவாங்க. ஊர்லேருந்து வர்ற நம்ம பெத்தவங்க எல்லாரும் முதல் வாரத்துல "ஏம்ப்பா வீடு இப்படி மஞ்சளா அழுது வடியுது"ன்னு கேக்கறது இதனாலதான்.

இப்ப ஒரு வேலை பண்ணுங்க. எனக்கு இந்த விஷயம் தெளிஞ்சதே இப்படித்தான்.

வீட்டுல பழைய சிடி ஏதாவது கிடக்கும். (யாரோட கல்யாண சிடியாவது கட்டாயம் இருக்கும்.) அறையில மத்த லைட்டை எல்லாம் அணைச்சுட்டு, டியூப்லைட்டை மட்டும் எரியவிட்டு, சிடியோட பளபளப்பான பக்கத்துல அந்த வெளிச்சம் விழற மாதிரி பிடிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா சாய்ங்க. வானவில் வரும்னு எதிர்பார்ப்பீங்க. வராது. தனித்தனிப் பட்டையா வரும். ஒரு நீலம், ஒரு பளிச்சுன்னு பச்சை, ஒரு ஆரஞ்சு கலந்த சிவப்பு. நடுவுல இருட்டு இடைவெளி. மெழுகுவத்தி வெளிச்சத்துல அதே சிடியைப் பிடிச்சா நிறங்கள் விட்டுப்போகாம ஒண்ணோட ஒண்ணு கரைஞ்சு ஓடும்.

டியூப்புக்குள்ள நடக்கறதுதான் காரணம். உள்ள துளி பாதரசம் ஆவியா இருக்கு. மின்சாரம் பாய்ஞ்சதும் அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை விடும், பெரும்பாலும் 254 நானோமீட்டர். கண்ணாடி உள்பக்கம் பூசியிருக்கற வெள்ளைப் பொடி அந்தக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியற வெளிச்சமா மாத்தித் தருது. நல்ல டி8 டியூப்புல அந்தப் பொடி மூணு பொடியோட கலவை. நீலம் தர்ற ஒண்ணு, 545 நானோமீட்டரை ஒட்டிப் பச்சை தர்ற ஒண்ணு, 611ல சிவப்பு தர்ற ஒண்ணு.

இப்ப அதே சிடியோட 3000 டியூப்புக்கு அடியில போங்க. அப்புறம் 6500 டியூப்புக்கு அடியில.

அதே பட்டைகள்!

அதே நீலம், அதே பச்சை, அதே சிவப்பு, அதே இடத்துல. 3000ல நீலப் பட்டை மங்கியிருக்கும், சிவப்பு தூக்கலா இருக்கும். 6500ல நீலம் தூக்கல். அதே மூணு பொடிதான், அளவு மட்டும் மாறுது. "இது இலை டியூப், இது பூ டியூப்"னு ரெண்டு ஜாதியாப் பிரிச்சுப் பேசறதுல ஆதாரமே இல்லைன்னு அன்னிக்குத்தான் என் கண்ணால பாத்தேன்.

இலைக்கு எந்த நிறம் வேணும்? "செடி நீலத்தையும் சிவப்பையும் மட்டும்தான் சாப்பிடும், பச்சையைத் துப்பிடும்"னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். பச்சையத்தைப் பிரிச்சு எடுத்துச் சோதனைக் குழாயில வச்சுப் பாத்தா அப்படித்தான் தெரியும். முழு இலை அப்படி நடந்துக்காது. கீத் மெக்கிரீன்னு டெக்சஸ்ல ஒரு ஆராய்ச்சியாளர், 1970கள் ஆரம்பத்துல 22 வகைப் பயிரோட இலையை எடுத்து, ஒவ்வொரு நிற வெளிச்சமாக் கொடுத்து, எவ்வளவு ஒளிச்சேர்க்கை நடக்குதுன்னு அளந்தார். 400லேருந்து 700 நானோமீட்டர் வரைக்கும் எல்லா நிறத்தையும் இலை பயன்படுத்துது. பச்சையும் சேத்துத்தான். அதிகப் பலன் தந்தது 600ஐத் தாண்டின சிவப்புப் பக்கம். நம்ம டியூப்போட 611 கிட்டத்தட்ட அங்கதான் போய் விழுது. 3000 கெல்வின் டியூப்பைச் செடிக்கு ஆகாதுன்னு சொல்றவங்க இதை யோசிக்கணும்.

அப்ப நீலத்துக்கு வேலையே இல்லையா?

இருக்கு. பெரிய வேலை இருக்கு. வளர்ச்சிக்கான தீனியை விட, எப்படி வளரணும்ங்கற உருவத்தை நீலம் தீர்மானிக்குது. நீலம் போதுமான அளவு இருந்தா தண்டு நீளாம குட்டையா, இலை கெட்டியா வரும். குறைஞ்சா நெடுநெடுன்னு ஓடும்.

இதை என் பேஸ்மெண்ட்ல ரெண்டு தட்டு போட்டுப் பாத்தேன். மேல் தட்டுல 830 ஒரு ஜோடி, கீழ்த் தட்டுல 865 ஒரு ஜோடி. உயரம் ஒண்ணு, நேரம் ஒண்ணு, மண்ணும் ஒண்ணு. தக்காளி நாத்து, வெந்தயம், கொத்தமல்லி ரெண்டுலயும் பாதிப் பாதி.

வெந்தயத்துலதான் முதல்ல தெரிஞ்சுது. மஞ்சள் லைட்டுல தண்டு நீளம், இலை கொஞ்சம் அகலம், தொட்டா மெத்துன்னு இருந்துச்சு. வெள்ளை லைட்டுல குட்டை, தண்டு திடம். தக்காளியில இன்னும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. 830ல வளந்த நாத்து குச்சி வச்சுக் கட்டற அளவுக்கு ஓடிடுச்சு. 865ல வளந்தது கணுவுக்குக் கணு நெருக்கமா, அடித்தண்டு லேசா ஊதா நிறம் தட்டி, கையில எடுத்தா நிமிர்ந்து நின்னுச்சு. மே மாசம் வெளிய நட்டப்ப காத்துல சாயாம நின்னதும் அதுதான்.

சமையலுக்கு வெட்டினப்ப? வெந்தயக்கீரை ரெண்டு தட்டுலயும் கிட்டத்தட்ட அதே பிடி. மஞ்சள் லைட்டுக் கீரைதான் இன்னும் இளசா இருந்துச்சு. சப்பாத்திக்கு அதைத்தான் எடுத்தோம்.

கருவேப்பிலை? ரெண்டு தட்டுக்கும் தொட்டியை மாத்தி மாத்தி வச்சுப் பாத்தேன். கொழுந்து விட்ட வேகத்துல கண்ணுக்குத் தெரியற வித்தியாசமே இல்லை. அது மெதுவா வளர்ற மரச்செடி, மாசத்துக்கு ஒரு கொத்து விட்டாலே பெரிசு.

ஆனா பாக்கறதுக்கு வித்தியாசம் இருந்துச்சு! மஞ்சள் லைட்டுக்கு அடியில கருவேப்பிலை பழுப்படிச்ச மாதிரி, சோர்ந்த மாதிரி தெரியும். அதே தொட்டியை வெள்ளை லைட்டுக்கு அடியில தூக்கி வச்சா அடுத்த நிமிஷமே கரும்பச்சையா, செழிப்பாத் தெரியும். ஒரு நிமிஷத்துல செடி தேறிடுமா என்ன? நம்ம கண்ணுதான் மாறுது. 'வார்ம் ஒயிட்ல செடி வாடுது'ன்னு ஆளாளுக்குச் சொல்றதுல பாதி இதுதான்னு நான் உறுதியா நம்பறேன்.

இனிமேதான் உண்மையான விஷயம்.

எங்க தெருவுல யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தங்க இருக்காங்க. அவங்க பேஸ்மெண்ட்ல ஜனவரியில போய்ப் பாக்கணும். வெளிய பனி முழங்கால் உயரம். உள்ள வரிசையா கருவேப்பிலை, எல்லாம் தளதளன்னு. வசந்தம் வந்ததும் அவங்ககிட்ட கன்னு வாங்க ஆள் வரும். என்ன டியூப்னு எட்டிப் பாத்தேன். கலந்து கட்டி மாட்டியிருந்தாங்க, ஒண்ணு 841, ஒண்ணு 830, ஒண்ணுல எழுத்தே அழிஞ்சு போயிருந்துச்சு. கெல்வினைப் பத்தி ஆரம்பிச்சேன். கையை ஆட்டி நிறுத்திட்டாங்க.

"தம்பி, உது கலரில இல்லை. லைற்றை நல்லாக் கீழ இறக்கி விடுங்கோ. இலை முட்டாமல் இருந்தாக் காணும்."

டியூப் மாட்டற பட்டியைச் சங்கிலியில தொங்கவிட்டிருந்தாங்க. செடி வளர வளர ஒவ்வொரு கண்ணியா மேல ஏத்துவாங்களாம். டியூப்புக்கும் கொழுந்துக்கும் நடுவுல என் நாலு விரல் போகும், அவ்வளவுதான் இடைவெளி.

அவங்க சொன்னதுதான் இந்த விஷயத்துல கடைசி வார்த்தை. டியூப்லைட் கிட்ட இருந்தாத்தான் பலம். அரை அடியில இருந்த செடியை ஒரு அடிக்குத் தள்ளினாலே வெளிச்சம் கிட்டத்தட்ட பாதியாகும், இன்னும் தள்ளினா இன்னும் வேகமாக் குறையும். கூரையில எரியற டியூப்புல நீங்க பேப்பர் படிக்கலாம், ஆனா செடிக்கு அது பட்டினி. நல்லவேளையா டியூப் அதிகம் சுடாது, கிட்ட வச்சா இலை கருகாது. சாப்பாட்டுத் தட்டு என்ன நிறம்னு பாக்கறதுக்கு முன்னாடி தட்டுல சோறு எவ்வளவு இருக்குன்னு பாக்கணும், இல்லையா?

எவ்வளவு இருக்குன்னு அளந்தும் பாக்கலாம். போன்ல லக்ஸ் அளக்கற செயலி இலவசமாக் கிடைக்கும். போனை இலை உயரத்துல, முகம் மேல பாத்த மாதிரி வைங்க. வர்ற எண்ணை 75ஆல வகுங்க. (டியூப்லைட்டுக்கு மட்டும்தான் இந்த 75. வெயிலுக்கு 54.) கிடைக்கறது, ஒரு விநாடியில ஒரு சதுர மீட்டர்ல விழற ஒளித்துகள் கணக்கு, மைக்ரோமோல்ல. துல்லியமா இருக்காது, நமக்கு அது போதும்.

7500 லக்ஸ்னா 100. இதை ஒரு நாளைக்கு 15 மணி நேரம் எரியவிட்டா அன்னிக்கான கணக்கு 5.4 மோல். வெயில் காலத்துல டொரண்டோவுல திறந்த வெளியில ஒரு நாளைக்கு 40 மோலை ஒட்டிக் கிடைக்கும். வித்தியாசம் புரியுதா? டியூப்லைட்ல கருவேப்பிலையைக் குளிர்காலம் தாண்ட வைக்கலாம், நடுநடுவுல நாலு கொத்து கிள்ளிக்கலாம். ஊர் மரம் மாதிரி ஆக்க முடியாது. கீரையும் நாத்தும்தான் டியூப்லைட்டுக்குப் பொருத்தமானது. 15000 லக்ஸ் வர்ற மாதிரி நெருக்கமா நாலு டியூப் மாட்டினா லெட்டூஸ் கூட நல்லா வரும்.

பட்டியோட ரெண்டு ஓரத்துலயும் வெளிச்சம் கம்மி. நடுவுல தக்காளி, ஓரத்துல கொத்தமல்லின்னு வைங்க. தட்டோட பக்கச் சுவர்ல வெள்ளை அட்டை ஒட்டினா பக்கவாட்டுல ஓடற வெளிச்சம் திரும்பி வரும், செலவே கிடையாது. அப்புறம் குளிர். டி8 டியூப் 25 டிகிரியை ஒட்டி நல்லா எரியும். சூடு போடாத கராஜ்ல மாட்டினா மங்கிடும். தொட்டியையும் பேஸ்மெண்ட் சிமெண்ட் தரையில நேரா வைக்காதீங்க, வேர் சில்லிட்டுப் போனா எந்த வெளிச்சத்துக்கும் கருவேப்பிலை துளிர்க்காது. ஒரு பலகை மேல வைங்க.

பூ விஷயம்.

"2700 போட்டா பூக்கும்"ங்கறது எங்கேருந்து வந்துச்சுன்னா, பெரிய பசுமைக் குடில்கள்ல ரெண்டு வகை விளக்கு போடுவாங்க. வெள்ளையா எரியற மெட்டல் ஹாலைடு ஒண்ணு, தெருவிளக்கு மாதிரி ஆரஞ்சா எரியற சோடியம் விளக்கு ஒண்ணு. வளர்ற பருவத்துக்கு முன்னது, பூக்கற பருவத்துக்குப் பின்னதுன்னு ஒரு வழக்கம் இருந்துச்சு. அந்த வழக்கத்தை அப்படியே தூக்கி டியூப்லைட் பெட்டி மேல ஒட்டிட்டாங்க. ஆனா நிறைய செடி பூக்கறதைத் தீர்மானிக்கறது ராத்திரியோட நீளம். வியட்நாம்ல பின் துவான் பக்கம் டிராகன் பழத் தோட்டத்துல ராத்திரியில பல்பு எரியும். ராத்திரியைச் சின்னதாக்கிப் பருவம் இல்லாத காலத்துல பூக்க வைக்கத்தான். சாமந்திக்கு நேர் எதிர், ராத்திரி நீண்டாத்தான் மொட்டு கட்டும், லைட்டு போட்டா பூ தள்ளிப் போகும்.

நம்ம குண்டுமல்லிக்கு? பேஸ்மெண்ட்ல ரெண்டு லைட்டுலயும் வச்சிருக்கேன். இலை விடுது, மொட்டு இல்லை. ஜூன்ல வெளிய வச்சு நல்ல வெயில் பட்டதும் கொத்துக் கொத்தாப் பூக்குது. அதுக்குத் தேவை வெளிச்சத்தோட அளவும் சூடும்தான்.

ஊதா டியூப் பத்தி ரெண்டு வரி. 1960கள்லயே அமெரிக்காவுல சில்வேனியா 'குரோ-லக்ஸ்'னு விக்க ஆரம்பிச்ச பழைய யோசனைதான். பச்சையைக் குறைச்சு, சிவப்பையும் நீலத்தையும் கூட்டின பொடி. செடி வளரும், பொய் இல்லை. ஆனா அதே வாட்டுக்கு ஒரு நல்ல 865 தர்றதை விடப் பெரிசா எதையும் அது தந்து நான் பாத்ததில்லை. அந்த வெளிச்சத்துல இலையில பூச்சி இருக்கா, மஞ்சள் விழுதான்னு கண்டுபிடிக்கவே முடியாது. செதில்பூச்சி கருவேப்பிலைத் தண்டுல பழுப்புப் புள்ளியா ஒட்டிக்கிட்டு இருக்கும், வெள்ளை வெளிச்சத்துலயே தேடித்தான் பாக்கணும். நான் வாங்க மாட்டேன். உங்களையும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

எத்தனை மணி நேரம்? 14லேருந்து 16. ஒரு டைமர் மாட்டிடுங்க. "செடிதானே, 24 மணி நேரமும் எரியட்டும்"னு விடாதீங்க. தக்காளியும் கத்தரியும் ஓயாத வெளிச்சத்துல இலை வெளிறி மஞ்சளாகும். ஒண்டாரியோவுல இருக்கறவங்களுக்கு ஒரு வழி இருக்கு. 2023ல வந்த ராத்திரி மலிவு மின்கட்டணத் திட்டத்துல இருந்தீங்கன்னா, ராத்திரி 11 மணியிலேருந்து காலை 7 வரை மின்சாரம் ரொம்ப மலிவு. பேஸ்மெண்ட் செடிக்குப் பகல் எது ராத்திரி எதுன்னு நாம வச்சதுதான் சட்டம். அந்த நேரத்தை உள்ள அடக்கி டைமரை வைங்க.

கடைசியா, அப்ப எதைத்தான் வாங்கறது?

நாத்து வளக்கறீங்கன்னா 865. யோசிக்கவே வேண்டாம், தண்டு குட்டையா வர்றதுக்காக மட்டுமே அது போதும். கீரை, கருவேப்பிலைன்னா கையில இருக்கற எதையும் போடுங்க, 841 இருந்தாலும் சரி, 850 இருந்தாலும் சரி. பட்டியில ரெண்டு டியூப் மாட்டலாம்னா ஒண்ணு 830, ஒண்ணு 865ன்னு கலந்து போடுங்க. இந்த ஊர்ல ஆப்பிரிக்கன் வயலட் வளக்கற பாட்டிமாருங்க ரொம்ப காலமா ஒரு வார்ம், ஒரு கூல்னு ஜோடியாத்தான் மாட்டறாங்க, ஜன்னலே இல்லாத அறையில வருஷம் பூரா பூ எடுக்கறாங்க. கண்ணுக்கும் அந்தக் கலப்பு இதமா இருக்கும். வீட்டுல ஏற்கனவே 830 எரியுதுன்னா புதுசு வாங்கக் கடைக்கு ஓடாதீங்க. அந்தக் காசுல சங்கிலி வாங்கிப் பட்டியை இறக்குங்க.

இன்னும் கொஞ்ச காலத்துக்குத்தான் இந்தப் பேச்செல்லாம். பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023 நவம்பர்ல ஜெனீவாவுல கூடி, பழைய ரகப் பொடி பூசின நீள டியூப்புகளை 2026லயும், மூணு பொடி டியூப்புகளை 2027லயும் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி எல்லாத்துலேருந்தும் நிறுத்தறதா முடிவு பண்ணிட்டாங்க. அப்புறம் எல்ஈடிதான். அதே பட்டியில மாட்டற எல்ஈடி டியூப் கிடைக்குது. சிலது பட்டியில இருக்கற பலாஸ்ட்டோடயே (நம்ம ஊர் சோக்) எரியும், சிலதுக்கு பலாஸ்ட்டைக் கழட்டி வயரை மாத்தணும், பெட்டியில படிச்சுட்டு வாங்குங்க. சிடியை அதுக்கு அடியில பிடிச்சுப் பாத்தா பட்டை பட்டையா இல்லாம நீலத்துலேருந்து சிவப்பு வரை தொடர்ச்சியா ஓடும், நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவுல மட்டும் ஒரு மங்கல். கெல்வின் கணக்கு அதுக்கும் இதே மாதிரிதான், நாத்துக்கு 6500 பக்கம், மத்ததுக்கு உங்க விருப்பம், எதுவா இருந்தாலும் கிட்ட இறக்குங்க.

பழைய டியூப்பை மாத்தும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். குப்பைப் பையில போடாதீங்க. உள்ள சில மில்லிகிராம் பாதரசம் இருக்கு. டொரண்டோ நகராட்சியோட டிராப் ஆஃப் டிப்போவுல வீட்டு அபாயக் கழிவுன்னு தனியா வாங்கிக்கறாங்க. கை தவறி உடைஞ்சுட்டா குழந்தைங்களையும் கூட்டிக்கிட்டு அறையை விட்டு வெளிய வந்துடுங்க, ஜன்னலைத் திறந்து கால் மணி நேரம் காத்தாட விடுங்க, அப்புறம் கெட்டி அட்டையால அள்ளி மூடி போட்ட டப்பாவுல போடுங்க. வேக்யூம் மட்டும் போடவே போடாதீங்க, அது பாதரசத்தைக் காத்துல கிளப்பி வீடு பூரா பரப்பிடும்.